நீல லைனரில் ஒரு கிழிசல்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று. மூன்று நாளாக ஓயவில்லை. வேலியோர டர்பன்டைன் மரத்து இலை முழுவதும் நீச்சல் குளத்தில்.

கா. 6.30. குளத்துத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஞாயிறு மாலை முதல் படிக்கு மேல் நாலு அங்குலம் நின்றது. இன்று ஒன்றரை கூட இல்லை. காற்று குடித்ததா, லைனர் கிழிந்ததா?

சுனிலுக்கு ஃபோன் செய்தேன். பண்டாரவளையில் குளம் சுத்தம் செய்ய இருப்பது அவன் ஒருவன்தான். வந்தான், இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். “நோனா, லைனர் பழசு. புதுசு போடணும். கொழும்பிலயிருந்து வர ஆறு கிழமை போகும்.” ஒன்றரை மாதம்! வசந்தி வருவது 17ஆம் திகதி. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இருந்தபோது சொன்னது நினைவிருக்கிறது. சீமெந்துக் குளம் கட்டினால் மலை நகரும்போது வெடிக்கும், வினைல் விரித்தால் வளைந்து கொடுக்கும். அதனால்தான் இந்த நீல விரிப்பு, இந்த லைனர். கமலம் அதற்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள்: பிளாஸ்டிக் குளம். கொழுந்தனார் மனைவி என்றால் எதையும் சொல்லலாம்.

செய்ய வேண்டியது:
பக்கெட் சோதனை.
பம்ப் நிறுத்திப் பார்ப்பது.
விருந்தினர் அறைத் திரைச்சீலை, தோய்க்க.
வசந்தி பிள்ளைகளுக்கு இரண்டு துவாலை. பெரியது.

மாலை வசந்தி ஃபோன், லண்டனிலிருந்து. “பெரியம்மா, பிள்ளைங்க இப்பவே நீச்சல் உடுப்ப எடுத்து வச்சிட்டாங்க. பூல்ல தண்ணி இருக்குல்ல? இல்லாட்டியும் பரவாயில்ல, பத்து நாளும் பதுளையில அம்மாகூடவே இருந்துக்குறோம்.”

பரவாயில்லையாம்.

வசந்தியை ஒன்பது வயதில், அப்போது அவர்கள் இருந்த கொஸ்லந்தையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஏழு வருடம் இந்த வீட்டில் இருந்து கான்வென்ட் போனாள். பின்னல் போட்டது நான். அம்மை போட்டபோது வேப்பிலை வைத்து உட்கார்ந்தது நான். நான் பெறவில்லை, கமலம் பெற்றாள், அவ்வளவே வித்தியாசம். அவளுக்கு அம்மா என்ற பெயர். எனக்குக் குளம். அதுவும் இப்போது ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று, வெயில். பக்கெட் சோதனை முடிவு.

செய்த விதம்: பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி முதல் படியில் வைத்தேன். பக்கெட்டின் உள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு பிளாஸ்டர். குளத்துச் சுவரில் ஒரு பிளாஸ்டர். பம்ப் நிறுத்தம். ஒரு இரவு, ஒரு பகல். காற்று குடிப்பதானால் இரண்டிலும் ஒரே அளவுதான் குடிக்கும்.

பக்கெட்: கால் அங்குலம்.
குளம்: இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆகவே கிழிசல். பம்ப் நிற்கும்போதும் இறங்குகிறது, ஆகவே குழாயில் இல்லை. கான்வென்டில் எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த சிஸ்டர் மொனிக்கா இருந்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பார்.

எங்கே என்று யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரியும்.

ஞாயிறு ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இல்லை, இருக்கும் இடத்தில் ஷாம்பு பாக்கெட். கமலம் முதல் நாளே கேட்டாள்: “அக்கா, உங்க குளத்துல வச்சிக்கலாமா? தண்ணிதானே முக்கியம்.” பிளாஸ்டிக் குளம் அன்றைக்கு மட்டும் காவேரி. அவளும் அவள் தெருப் பெண்கள் இருவரும் வந்தார்கள். பூ, தேங்காய், என் வீட்டுக் குத்துவிளக்கு. விளக்கைக் குளத்து ஓரக் கல்லில் வைத்துக் கும்பிட்டு, ஒருவருக்கொருவர் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். நான் சமையலறை வாசலில் நின்றேன். நிற்கச் சொன்னது யாருமில்லை. ஆனால் ‘வாங்க’ என்றும் யாரும் சொல்லவில்லை.

பிறகு கமலம் சேலையைத் தூக்கிக்கொண்டு குளத்து ஓரத்தில் உட்கார்ந்து முதல் படியில் இரண்டு காலையும் வைத்தாள். வெள்ளி மெட்டி. கூர் முனையுள்ள பூ வேலைப்பாடு. காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறென்ன சான்று வேண்டும்.

அவர்கள் போனபின் விளக்கைக் கழுவி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான்.

மா. 7.00. வசந்திக்கு ஃபோன் எடுத்தேன். சொல்லிவிட்டேன். “உங்கம்மா மெட்டியோட காலை வச்சி லைனரைக் கிழிச்சிட்டா. தேடிக்கிட்டிருக்கேன். நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவேன்.” வசந்தி சிரித்தாள். “அம்மாவா? மெட்டி அவ்வளவு கூரா பெரியம்மா?” நான் சிரிக்கவில்லை.

இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காற்றுக் குறைவு. முதல் படி முழுக்க வெளியே வந்து காய்ந்துவிட்டது. குறி போட்டு வைத்தேன்: தண்ணீர் இங்கே நிற்க வேண்டும். கிழிசல் மட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிடும், அதுதான் விதி.

மூக்குக்கண்ணாடி, அதன்மேல் பூதக்கண்ணாடி. முதல் படியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முழங்கால் விட்டுப்போயிற்று. புஷ்பம் தூக்கிவிட்டாள். (பூனாகலைத் தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்கு வருகிறாள். பதினாலு வருடமாக என்னுடன். கொழுந்து பறித்த விரல், எதையும் தொட்டே கண்டுபிடிக்கும்.)

“படியில ஒண்ணுமில்லீங்கம்மா. வழவழன்னு இருக்கு.”

“மயிரிழைக் கிழிசல் கைக்குத் தட்டாது.”

“எங்கைக்குத் தட்டாதுங்களா?”

பூதக்கண்ணாடியைத் துடைத்தேன்.

மாலை மறுபடி பார்த்தேன். தண்ணீர் குறிக்குக் கீழே. நிற்கவில்லை.

கிழிசல் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் இருக்கும். உட்கார்ந்தவள் காலை ஆட்டியிருப்பாள்.

திரைச்சீலை தோய்த்தாயிற்று. ஒன்று சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பாதி பூட்டு. கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரிங் ஒரு போத்தல் மட்டும் கிடைத்தது. பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு.

சாயச் சோதனை. காற்று அடங்கும் நேரமாகப் பார்த்து, பம்ப் நிறுத்தி, தண்ணீரைக் கலக்காமல், சந்தேகப்படும் இடத்துக்கு அருகே சாயத்தை மெதுவாக விட வேண்டும். கிழிசல் இருந்தால் சாயம் நூல் போல உள்ளே இழுபடும். நான் குளத்தோரத்தில் குப்புறப் படுத்து, புஷ்பம் என் காலைப் பிடித்துக்கொண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வீட்டு முதலாளியின் மாடி ஜன்னல் திறந்திருந்தது.

பார்த்த இடம்:
நிற்கும் பக்கம், முழுவதும். இல்லை.
தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய். இல்லை.
தெற்கு மூலை ஒட்டு. இல்லை.
வடக்கு மூலை ஒட்டு. சாயம் நகர்ந்தது. தவளை.

இலை இழுக்கும் ஸ்கிம்மர் வாயைத் தாண்டித் தண்ணீர் இறங்கிவிட்டது. அங்கேயும் இல்லை.

இரண்டாம் படியைப் பார்க்கவில்லை. அவசியமில்லை. கமலம் குட்டை. அவள் கால் இரண்டாம் படிக்கு எட்டாது.

ஆகஸ்ட் 9, சனி

மேகம். கலரிங் தீர்ந்தது. தண்ணீர் இன்னும் இரண்டு அங்குலம் கீழே.

கமலத்திடமிருந்து ஃபோன் இல்லை. வழக்கமாகச் சனிக்கிழமை காலை பத்துக்கு எடுப்பாள். சுகர் எவ்வளவு, ப்ரஷர் எவ்வளவு, என்ன சமையல். தொல்லை. இன்றைக்கு எடுக்கவில்லை. பத்தரைக்கு ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன், லைன் இருந்தது.

வசந்தி சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூறல், பிறகு வெயில்.

கமலம் வந்தாள். சொல்லாமல், பஸ்ஸில். கையில் எள்ளுருண்டை டப்பா. கொழுந்தனாருக்கு வருகிற வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். அந்த அலைச்சலுக்கு நடுவே வந்திருக்கிறாள்.

குளத்துப் பக்கம் போகவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பை வாசலில் விட்டிருந்தாள். பார்த்தேன். இரண்டாம் விரலில் வெள்ளையாக ஒரு வளையத் தடம், இரண்டு காலிலும். மெட்டி இல்லை.

“என்ன இது?”

“கழட்டி வச்சிட்டேன் அக்கா. பிள்ளைங்க வர்ற நேரம். மறுபடி மறந்து காலை வச்சிட்டா? சோப்புப் போட்டு இழுத்தேன், வரல. தட்டாரு வந்துதான் வெட்டினாரு. முப்பத்தெட்டு வருஷம்ல.”

“அவருக்கு ஆபரேஷன் இருக்கிற வாரத்திலயா கழட்டுவாங்க?”

“அவரும் அதத்தான் கேட்டாரு. கண்ணுக்குத்தானே ஆபரேஷன், காலுக்கா-ன்னு சொல்லிட்டேன்.” சிரித்தாள். சிரித்த வாய் சிரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றது.

புஷ்பம் தட்டைக் கொண்டுவந்தவள் கமலத்தின் காலைப் பார்த்துவிட்டு, தட்டை வைக்காமல் நின்றாள். நான் முறைத்த பிறகுதான் வைத்தாள்.

எள்ளுருண்டை நன்றாக இருந்தது. அதுவும் அவளுக்குத்தான் வரும். எனக்குப் பாகு முறிந்துவிடும்.

ஒன்பது வருடமாக என் காலில் மெட்டி இல்லை. எனக்கு யாரும் தட்டாரைக் கூப்பிடவில்லை. விரல் மெலிந்திருந்தது, தானாகவே வந்துவிட்டது. அவளுக்கு வெட்டத்தான் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது கூட, அந்த விரல் எவ்வளவு சதைப்பற்றாக இருக்கிறது என்று தோன்றுகிறதே.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்றே இல்லை. கண்ணாடி போல் தண்ணீர். சாயம் இல்லை.

புஷ்பம்தான் சொன்னாள்: “கலரிங் முடிஞ்சா என்னாங்கம்மா? ஆலம் கரைச்சாப் போச்சு. செவப்புத்தானே வேணும்.”

ஆலம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். வாசலில் மணமக்கள் நிற்கும்போது சுற்றிக் கொட்டுவது. வசந்தி கல்யாணத்துக்குக் கமலமும் அவள் தங்கையும் சுற்றினார்கள். அப்போது அவர் போய் ஒரு வருடம். நான் பந்தலின் பின்னால் பாக்குத் தட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புஷ்பம் கரைத்தாள். சிரிஞ்சில் அவளே ஏற்றினாள். கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினாள். “குடு” என்றேன். வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. வானம் விழவில்லை.

ஆலம் கலரிங்கைவிடக் கனம். பரவாமல் கீழே இறங்கியது. குளத்துத் தண்ணீர் பட்டதும் சிவப்பு மஞ்சளாக மாறிற்று. கான்வென்ட் லாபில் சிஸ்டர் மொனிக்கா காட்டியதுதான், எலுமிச்சைச் சாறு விட்டு.

இரண்டாம் படிக்கு மேல் இப்போது ஒரு விரல் தண்ணீர். சிரிஞ்சை அங்கே கொண்டுபோனது நான் இல்லை. புஷ்பம் என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினாள். “இங்கேயுந்தான் விட்டுப் பாருங்களேன்.”

மஞ்சள் நூல் ஒன்று நேராகப் போய்ப் படிக்குள் நுழைந்தது. வளைந்த கோடு. அரை வட்டம், பிறை போல. சாண் நீளம்.

புஷ்பம் சத்தமாகச் சிரித்தாள், கண்டுபிடித்த சந்தோஷத்தில். “அகப்பட்டுச்சுங்கம்மா! என்னா அழகா, வட்டமா வெட்டியிருக்கு. காம்பஸ் வச்சிப் போட்ட மாதிரி.”

உள்ளே வந்துவிட்டேன். கிடைத்ததற்கு முகத்தில் சந்தோஷம் காட்ட வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர் இரண்டாம் படி மட்டத்தில் நின்றுவிட்டது. ஒரு நூல் கூட இறங்கவில்லை. விதி விதிதான்.

பூஜை அறையிலிருந்து குத்துவிளக்கை எடுத்தேன். அடித்தட்டைத் திருப்பினேன். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து கத்தி போல் நிற்கிறது. வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். தாளைக் கொண்டுபோய்க் கிழிசலின் மேல் வைத்தேன்.

பொருந்தியது.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் பொய் எழுதி என்ன பயன்.

ஞாயிறு மாலை அவர்கள் வேன் கேட்டைத் தாண்டியது. புஷ்பமும் வீட்டுக்குப் போய்விட்டாள். குளத்தில் மல்லிகைப் பூ மிதந்தது. விளக்கில் எண்ணெய் மிச்சம் இருந்தது. கல்லில் வைத்துக் கும்பிட்டார்கள், அதைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று இருந்தது. தண்ணீருக்குள்ளேயே வைப்பேன். விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் படியில் வைத்தேன். சாய்ந்தது. கனம், தூக்கி வைக்க முடியவில்லை, அடித்தட்டை அழுத்தித் திருகி நேராக்கினேன். ஐந்து திரியும் ஏற்றினேன். முழங்கால் வரை தண்ணீரில், சேலை நனைய, தனியாக நின்றேன். மஞ்சள் சரட்டில் ஒன்று கல்லில் மிஞ்சிக் கிடந்தது. எடுத்து மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தேன். பிறகு அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

அழகாகத்தான் இருந்தது.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒட்டிவிட்டால் தெரியாது. வசந்தி 17ஆம் திகதி வருவாள், பிள்ளைகள் நீந்துவார்கள். புஷ்பம் கணக்குப் போட்டிருப்பாளோ? விளக்கைத் துடைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். ஒட்டும் வேலை.

அவர் அலமாரியின் கீழ்த்தட்டில் லைனர் போட்டபோது மிஞ்சிய துண்டு, சுருட்டி நூல் கட்டி. மேலே அவர் கையெழுத்தில் ‘குளம்’ என்று மட்டும். பசை ட்யூப் கல்லாகிவிட்டது. சுனில் புதியது கொண்டுவந்தான். அவனே ஒட்டுவதாகச் சொன்னான். விடவில்லை.

தண்ணீரைப் பம்ப் வைத்து இன்னும் நாலு அங்குலம் இறக்கி, படியைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு. துண்டை முட்டை வடிவில் வெட்டினேன். மூலை வைத்து வெட்டினால் மூலைதான் முதலில் எழும்பும். கிழிசலுக்கு வெளியே நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூட. பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளி, காற்றுக் கொப்புளம் எடுத்து. மேலே மணல் மூட்டை.

பழைய லைனர் வெயிலில் வெளிறி வானம் போல. ஒட்டிய துண்டு கரு நீலம். மறைக்க முடியாது. யாராயிருந்தாலும் கேட்பார்கள்.

மூன்று நாளாகக் கமலத்தின் விரல் தடம் கண்ணுக்குள்ளே நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று மறுபடி. கா. 9.00 மணிக்குக் கமலத்துக்கு ஃபோன் எடுக்க நினைத்து, கீரை ஆய்ந்து, 10.00, அலமாரி அடுக்கி, 11.15 மணிக்கு எடுத்தேன்.

“கமலம், மெட்டியைப் போட்டுக்கோ.”

“வேணாங்க்கா. பிள்ளைங்க வந்துட்டுப் போகட்டும்.”

“இன்னைக்கே போட்டுக்கோ. கிழிச்சது உன் மெட்டி இல்ல. விளக்கு.”

“எந்த விளக்கு?”

“நம்ம குத்துவிளக்கு. நீங்கெல்லாம் போனப்புறம் நான்தான் தண்ணியில எறக்கி வச்சேன். உம்மேல பழி போட்டேன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. திட்டினால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“தனியாவா வச்சீங்க?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேனை நிப்பாட்டியிருப்பேனே அக்கா. கூட நின்னிருப்பேன். நீங்க வாசல்லயே நின்னீங்க, கூப்பிட்டா கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேன்.”

தயார் செய்த பதில் எதற்கும் உதவவில்லை. திட்டியிருந்தால் சரிக்குச் சரியாகியிருக்கும். நல்லவள் என்ற பெயரையும் அவளே வைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. அவருக்குத் தெற்கு அறை. கண்ணுக்கு வெளிச்சம் படாது” என்றேன். ரிசீவரை வைத்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. வசந்தியைப் பங்கு போட நானே கூப்பிட்டிருக்கிறேன்.

வசந்திக்குச் செய்தி அனுப்பினேன்: ‘கிழித்தது உன் அம்மா அல்ல. நான். லைனர் சரி.’ எழுத்துப் பிழை பார்த்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம். ஒரு சொல் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பவுசர் லொறியில் தண்ணீர் இரண்டு தடவை. குளம் நிரம்பியது. பிளாஸ்டர் குறி போட்டாயிற்று.

மா. 4.00. கமலம் எடுத்தாள். ஆபரேஷன் நல்லபடி. “தட்டார் பழைய மெட்டியப் பத்தவச்சிட்டாரு அக்கா. இவரு ஒத்தக் கண்ணக் கட்டிக்கிட்டே போட்டுவிட்டாரு, வெரல் மாத்தி.”

போட்டுவிட ஆள் இருக்கிறது. சரி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில், இலேசான காற்று. தண்ணீர் மட்டம் குறிக்குப் பக்கத்திலேயே. கால் அங்குலம் குறைவு, பக்கெட்டிலும் அதே.

கா. 11.20. வசந்தி. முதலில் என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது கமலத்தை. ஆனால் அவளை விட்டுவிட அதிக நேரம் ஆயிற்று.

பிள்ளைகள் சோறு கூடச் சாப்பிடாமல் குளத்தில். உதடு ஊதா நிறம், ஏறிவர மறுப்பு. சின்னவன் தண்ணீருக்குள் பார்த்துக் கேட்டான், ஏன் அங்கே மட்டும் கரு நீலம் என்று. “பெரியம்மா ஒட்டுனது” என்றாள் வசந்தி. “அழகா இருக்குல்ல?”

ராத்திரிக்கு வசந்திக்கும் பிள்ளைகளுக்கும் பாய் போடுவது கமலத்தின் அறையில் என்று முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். வேறென்ன சொல்வது.

மா. 5.00. கமலம் பழைய இடத்திலேயே உட்கார்ந்து முதல் படியில் காலை வைத்தாள். மெட்டி இரண்டு விரலிலும். “அக்கா, வாங்க, ஜில்லுன்னு இருக்கு. காலை வைங்க.”

போகவில்லை. துவாலையை மடித்தேன். பிறகு போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினேன். என் கால் இரண்டாம் படி வரை போயிற்று. ஒட்டின விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, எழும்பவில்லை. அவளுக்கு எட்டவில்லை.